மாமியாரோட வென்டிலேட்டரை எடுக்கச் சொன்னா அது பாவமா?

கேள்வி, பிப்ரவரி 22, 2025

என் மாமியாருக்கு 79 வயசு. ஸ்ட்ரோக் வந்து 12 நாளா ஐ.சி.யு.ல வென்டிலேட்டர்ல இருக்காங்க. மூளையில பாதிக்கு மேல சேதம், முழிக்க வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு டாக்டர் சொல்லிட்டாரு. கழுத்துல ஓட்டை போட்டு ட்ரக்கியாஸ்டமி பண்ணலாம், இல்லன்னா மெஷினை எடுத்துடலாம், யோசிச்சு சொல்லுங்கன்றாங்க. எடுத்தா அது கருணைக்கொலை, நரகத்துக்குப் போற பாவம்னு கொழுந்தனார் சண்டை போடறாரு. என் வீட்டுக்காரர் தூங்கியே நாலு நாள் ஆச்சு. கத்தோலிக்கத் திருச்சபை இதுல உண்மையிலயே என்ன சொல்லுது? தெரிஞ்சவங்க மட்டும் சொல்லுங்க ப்ளீஸ்.

பிப்ரவரி 22, ராத்திரி 11.50

தங்கச்சி, முதல்ல உங்க வீட்டுக்காரரைப் படுத்துத் தூங்கச் சொல்லுங்க. நீங்க சொல்ற நிலைமையில மெஷினை எடுக்கறது கருணைக்கொலை இல்ல. திருச்சபையோட மறைக்கல்வி நூல்ல 2278-வது எண் எடுத்துப் பாருங்க. பாரமா, ஆபத்தா, கிடைக்கப்போற பலனுக்குப் பொருத்தமே இல்லாததா இருக்கற சிகிச்சைய நிறுத்தலாம்னு அங்கயே இருக்கு. சாவை வர வெக்கிறது இல்ல அது, தடுக்க முடியலன்னு ஏத்துக்கறதுன்னு கூடவே விளக்கமும் இருக்கு. அதுக்கு முந்தின எண் 2277, அதுல நேரடியா கொல்றத கண்டிப்பா தப்புன்னு சொல்லுது. ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும், உங்க கொழுந்தனார் 2277-அ மட்டும் படிச்சிருப்பாரு.

வென்டிலேட்டர், டயாலிசிஸ், சாப்பாட்டுக் குழாய் எல்லாம் இதுல ஒரே கணக்குதான். மீதி நாளைக்கு எழுதறேன். எங்க அப்பா விஷயத்துல இதே முடிவை நான் எடுத்திருக்கேன்.

பிப்ரவரி 23, காலைல

2019 ஜூன். அப்பாவுக்கு அப்ப 76. தூத்துக்குடி துறைமுகத்துல கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவரு, சுகர், கிட்னி ரெண்டும் வருஷக்கணக்கா இருந்துச்சு. நிமோனியான்னு சேர்த்தோம், மூணாவது நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சு டியூப் போட்டுட்டாங்க, 17 நாள். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். பார்க்க விடறது காலைல பத்து நிமிஷம் சாயங்காலம் பத்து நிமிஷம், அதுவும் ஒரு ஆளு, பச்சை கவுன் போட்டு, அதுல அம்மா போனா நான் போக முடியாது நான் போனா அக்கா போக முடியாது. கையக் கட்டிலோட துணியால கட்டி வெச்சிருந்தாங்க, குழாயைப் பிடுங்கிடுவாருன்னு. பதினேழாவது நாள் கிட்னி சுத்தமா நின்னுபோச்சு, டயாலிசிஸ் போடணும் கழுத்துல ஓட்டையும் போடணும், ஆனா எல்லாம் பண்ணாலும் வீட்டுக்குத் திரும்புவாருன்னு சொல்ல முடியாதுன்னு சின்ன டாக்டர் ஒருத்தர் என்னைத் தனியா கூப்ட்டு சொன்னாரு.

நான் சித்திக்குப் போன் போட்டேன். சித்தி கன்னியாஸ்திரி, முப்பது வருஷத்துக்கு மேல நர்ஸ். "அப்பாவுக்கு இன்னும் எதாவது நல்லது ஆகும்னு டயாலிசிஸ் போடறாங்களா, இல்ல போடாம இருக்க பயந்து போடறாங்களா"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரிஞ்சிருந்துச்சு.

வேண்டாம்னு சொன்னேன். அப்ப ஒரு ஃபார்ம் நீட்டினாங்க, அதுல மருத்துவர் ஆலோசனைக்கு எதிராக என் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன்னு இருந்துச்சு. டாக்டரே வேற வழியில்லன்னு சொல்லிட்டு அவரு ஆலோசனைக்கு எதிரா நான் கூட்டிட்டுப் போறதா எழுதி வாங்கினாங்க. 2018 மார்ச் 9-ஆம் தேதியே உச்ச நீதிமன்றம் இப்படி நிறுத்தறதுக்கு வழி சொல்லி இருந்துச்சு, ஆனா அதுக்கு மாஜிஸ்திரேட் வரை போகணும், எந்த ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம் திரும்பல. ஆம்புலன்ஸ்ல ஒரு பையன் ஆம்பு பையை அமுக்கிக்கிட்டே வந்தான் வீடு வரைக்கும். அந்தக் கையெழுத்து ரெண்டு வருஷம் என் தொண்டையில நின்னுச்சு. பாவசங்கீர்த்தனத்துலயே சொல்லி இருக்கேன், "அப்பாவைக் கொன்னுட்டேன் ஃபாதர்"னு. இதுல பாவம் எங்க இருக்குன்னு ஃபாதர் கேட்டாரு, நான் நம்பல.

அப்பா வீட்டுல நாலு நாள் இருந்தாரு.

பிப்ரவரி 23, சாயங்காலம்

கீழ ஒருத்தர் "உசுரு ஆண்டவர் குடுத்தது, மெஷின் இருக்கற வரைக்கும் வெச்சுத்தான் ஆகணும், இதெல்லாம் வாடிகன் சங்கத்துக்கு அப்புறம் வந்த புது உபதேசம்"னு போட்டிருக்காரு. ஐயா, இது புதுசே இல்ல, நீங்க சொல்ற இரண்டாம் வாடிகன் சங்கம் கூடினதே 1962-லதான். 1957-ல பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர் கிட்ட ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரக் ஊர்ல இருந்த மயக்க மருந்து டாக்டர் ஒருத்தர் நேராவே கேட்டாரு, செயற்கை மூச்சு மெஷினை நினைவில்லாத நோயாளிக்குப் போட்டே ஆகணுமா, எடுக்கலாமான்னு. சாதாரண வழிகளைப் பயன்படுத்தத்தான் கடமை, தனக்கோ பிறத்தியாருக்கோ பெரிய பாரமா இல்லாத வழிகள், அதைத் தாண்டினது கடமை இல்லன்னாரு. குடும்பத்தால தாங்க முடியாதுன்னா நிறுத்துங்கன்னு டாக்டர்கிட்ட கேக்கவும் செய்யலாம்னாரு. வலிக்கு மருந்து குடுத்து அதனால ஆயுசு குறைஞ்சாலும் தப்பில்லன்னும் அதே பேச்சுல சொன்னாரு.

அதுக்கும் நானூறு வருஷம் முன்னாடி ஸ்பெயின்ல சாலமான்கால ஃபிரான்சிஸ்கோ தெ வித்தோரியான்னு ஒரு தொமினிக்கன் சாமியார் இதைப் பாடமா நடத்தியிருக்காரு. டாக்டர் கோழி சாப்பிடச் சொன்னாலும் நோயாளி கோழி சாப்பிட்டே ஆகணும்னு கடமை இல்ல, ஊர்ல எல்லாரும் சாப்பிடறத சாப்பிட்டா போதும். மனசு ஒடஞ்சு, சாப்பாட்டைப் பார்த்தாலே சித்திரவதை மாதிரி இருக்கற நோயாளி, பிழைக்க நம்பிக்கையும் இல்லன்னா, சாப்பிடலன்னு அவரு மேல பாவம் கிடையாதுன்னும் சொல்லியிருக்காரு. இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அத்தைமாருங்க ஞாபகம் வந்துச்சு, அப்பா படுத்ததுல இருந்து மூணு வீட்டுல இருந்து நாட்டுக்கோழி சூப்பு வரும், அப்பா அம்மாவைப் பார்த்து "சாமியாரக் கூப்டு, இவளுங்க சூப்புல இருந்து எனக்கு விலக்கு வாங்கித் தரட்டும்"பாரு. வித்தோரியா இருந்திருந்தா குடுத்திருப்பாரு.

பிப்ரவரி 24

நேத்து எழுதினதுல ரெண்டு பேச்சைக் கலந்துட்டேன். 1957-ல பயஸ் ரெண்டு தடவை பேசியிருக்காரு. வலி மருந்து பத்தினது பிப்ரவரி 24, மூச்சு மெஷின் பத்தினது நவம்பர் 24. வேற வேற கேள்வி, வேற வேற கூட்டம். சித்தி போன் பண்ணித் திருத்தினாங்க, "மேற்கோள் காட்டறவன் ஒழுங்கா காட்டணும்"னு.

பிப்ரவரி 27

தங்கச்சி தனியா ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க, அவங்க அனுமதியோட இங்க போடறேன். இதுவரைக்கும் ஒன்பது லட்சம் ஆயிடுச்சாம், வீட்டுப் பத்திரத்தை வெச்சாச்சாம். காசு இல்லாததுனாலதான் நிறுத்தறோமோன்னு வீட்டுக்காரர் குமைஞ்சு போறாராம்.

இதைப் பத்தி யாரும் வெளிப்படையா பேசறதில்ல, கோவில்ல கூட. ஆனா 1980 மே 5-ஆம் தேதி, வாடிகன்ல உபதேச விஷயங்களைப் பார்த்துக்கற விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கருணைக்கொலை பத்தி விட்ட அறிக்கையில இது இருக்கு. பலனுக்குப் பொருந்தாத சிகிச்சைய வேண்டாம்னு சொல்றதுக்கு நியாயமான காரணங்களைச் சொல்றப்ப, குடும்பத்து மேலயோ சமூகத்து மேலயோ அளவுக்கு மீறிய செலவைச் சுமத்த விரும்பாததையும் ஒரு காரணமா ஒத்துக்குது. அந்த வரிய முதல் தடவை படிச்சப்ப நான் அழுதுட்டேன், ஏன்னா நாங்களும் அக்காவோட வளையலை வித்துத்தான் பத்தாவது நாளைத் தாண்டினோம்.

ஆனா ஒண்ணு, இது எனக்குப் பெரிய உறுத்தல், காசு இருந்தா பிழைக்கக் கூடிய நோயாளிக்கும் இதைச் சொல்லிடக் கூடாது. முப்பது வயசுக்காரனுக்கு டெங்கு, ரெண்டு வாரம் மெஷின்ல இருந்தா எழுந்து நடப்பான், காசு இல்லன்னு கூட்டிட்டுப் போறாங்க. அது பொருந்தாத சிகிச்சை இல்ல, அது அநியாயம். அந்த வரியை அங்க கொண்டு போய் வெக்கிறவங்களை நான் ஒத்துக்க மாட்டேன். உங்க மாமியார் விஷயம் அப்படி இல்ல தங்கச்சி. ஒன்பது லட்சத்துக்கு அவங்க முழிச்சிருந்தா பத்திரம் போனா போகட்டும்னுதான் உங்க வீட்டுக்காரர் சொல்லியிருப்பாரு.

ஆஸ்பத்திரியில கேளுங்க, 2023 ஜனவரி 24-ல உச்ச நீதிமன்றம் வழிமுறையை எளிசாக்கிடுச்சு. பார்க்கற டாக்டரோட சேர்த்து மூணு பேர் முதல் போர்டு, வெளியில இருந்து ஒரு டாக்டரோட மூணு பேர் ரெண்டாவது போர்டு, ஒவ்வொண்ணும் 48 மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லப் பார்க்கணும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் குடுத்தா போதும், அவரு வந்து நிக்க வேண்டியதில்ல. டாக்டர் ஆலோசனைக்கு எதிரான்னு எதையும் எழுதிக் குடுக்காதீங்க. நான் எழுதிக் குடுத்தது போதும்.

மார்ச் 1

திருத்தந்தை பிரான்சிசுக்கு நேத்து திடீர்னு மூச்சுக்குழாய் இறுகி ரொம்ப மோசமாயிடுச்சுன்னு செய்தி. ரோம்ல ஜெமெல்லி ஆஸ்பத்திரியில பிப்ரவரி 14-ஆம் தேதியில இருந்து இருக்காரு, ரெண்டு நுரையீரல்லயும் நிமோனியா, 88 வயசு. மாஸ்க் வெச்சு மெஷின்ல மூச்சு குடுக்கறாங்க, குழாய் போடலன்னு சொல்றாங்க. எங்க பங்குல ராத்திரி செபமாலை வெச்சோம்.

ஐம்பத்து மூணு தடவை "இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும்"னு சொல்றோம், சின்ன வயசுல இருந்து. நேத்துத்தான் அந்த வார்த்தை காதுல விழுந்த மாதிரி இருந்துச்சு.

மார்ச் 5, சாம்பல் புதன்

தங்கச்சி எழுதியிருக்காங்க. ரெண்டு போர்டும் ஒத்துக்கிட்டு திங்கட்கிழமை சாயங்காலம் மெஷினை எடுத்தாங்களாம். எல்லாரும் சுத்தி நின்னு செபம் பண்ணிக்கிட்டு இருக்கறப்ப, மாமியார் தானா மூச்சு விட ஆரம்பிச்சுட்டாங்க. இன்னும் விடறாங்க. கண்ணு திறக்கல, ஆனா மூச்சு வருது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க.

கொழுந்தனார் இப்ப தலைகீழா திரும்பிட்டாராம். "மெஷினையே எடுத்தாச்சு, மூக்குல இருக்கற சாப்பாட்டுக் குழாயையும் எடுத்துடலாமே, இழுத்துக்கிட்டு கெடக்க வேண்டாம்"ன்றாராம். அதுக்கு என்னோட முதல் பதிவையே காட்டறாராம், "எல்லாம் ஒரே கணக்குன்னு அவரே எழுதியிருக்காருல்ல"ன்னு.

நான் அவசரத்துல எழுதினது தப்பு. ஒரே கணக்கு இல்ல. ராத்திரி விவரமா எழுதறேன், அதுக்குள்ள யாரும் எதையும் எடுக்காதீங்க.

மார்ச் 5, ராத்திரி

கேரன் ஆன் குயின்லன்னு அமெரிக்காவுல நியூ ஜெர்சியில ஒரு பொண்ணு. 1975-ல 21 வயசுல நினைவிழந்து விழுந்துட்டா. அப்பா அம்மா நல்ல கத்தோலிக்கங்க. அவங்க பங்குச் சாமியார் தாமஸ் ட்ரப்பாஸோ கிட்டதான் முதல்ல கேட்டாங்க, மெஷினை எடுக்கறது பாவமான்னு. அவரு இல்லன்னாரு, பயஸ் பாப்பரசரோட அந்த 1957 பேச்சை வெச்சுத்தான் சொன்னாரு. ஆஸ்பத்திரி ஒத்துக்கல, கேஸ் போச்சு, பேட்டர்சன் மறைமாவட்ட ஆயர் கேஸி பெத்தவங்களுக்கு ஆதரவா அறிக்கை விட்டாரு. 1976 மார்ச் 31-ல மாநில உச்ச நீதிமன்றம் எடுக்கலாம்னு தீர்ப்பு சொல்லிச்சு. மே மாசம் எடுத்தாங்க. கேரன் தானா மூச்சு விட ஆரம்பிச்சா, உங்க மாமியார் மாதிரியே. அப்புறம் ஒன்பது வருஷத்துக்கு மேல இருந்தா, 1985 ஜூன்லதான் போனா. அந்த ஒன்பது வருஷமும் அவ அப்பா தினமும் போய்ப் பார்த்தாரு. சாப்பாட்டுக் குழாயையும் எடுக்கச் சொல்றீங்களான்னு கேட்டப்ப அவரு அதிர்ந்து போய் மாட்டேன்னுட்டாரு, அது அவளோட சாப்பாடாச்சேன்னு.

அதுலயே விஷயம் முழுசா இருக்கு. மெஷினை எடுத்தா நோய் தன் வழியில போகும். வயிறு வேலை செய்யற ஒருத்தருக்குச் சாப்பாட்டை நிறுத்தினா நோயால சாகல, பட்டினியால சாகறாங்க. இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் 2004 மார்ச் 20-ல இதையே சொன்னாரு, தண்ணியும் சாப்பாடும், குழாய் வழியா குடுத்தாலும், பொதுவா சாதாரணப் பராமரிப்புதான், வைத்தியம் இல்லன்னு. 2007-ல அமெரிக்க ஆயர்கள் கேட்ட கேள்விக்கு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அதையே உறுதிப்படுத்திச்சு. ஆனா அங்கயும் ஒரு வரம்பு இருக்கு, அது உடம்புக்குச் சாப்பாடாவும் தண்ணியாவும் பயன்படற வரைக்கும். உடம்பு ஏத்துக்கவே இல்லன்னா, இல்ல அதுவே புதுசா தாங்க முடியாத தொந்தரவைக் குடுக்குதுன்னா, கடமை இல்ல.

உங்க மாமியாருக்கு வயிறு ஏத்துக்குதுல்ல தங்கச்சி? அப்ப குழாய் இருக்கட்டும். கொழுந்தனார் கிட்ட, முதல் பதிவை எழுதினவரே திருத்திட்டாருன்னு சொல்லுங்க.

மார்ச் 9

மேல இருக்கறத எழுதிட்டு மூணு நாள் என்னால தூங்க முடியல.

அப்பாவுக்கும் குழாய் இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டு வந்து முதல் ரெண்டு நாள் கஞ்சித்தண்ணி, பால், அம்மா வடிகட்டி வடிகட்டி ஊத்தினாங்க. மூணாவது நாள் ஊத்தினது எல்லாம் திரும்ப வாய் வழியா வந்துச்சு, நெஞ்சுல கொற கொறன்னு சத்தம், வயிறு பானை மாதிரி உப்பிடுச்சு. தெருவுல இருந்த ரிட்டையர்ட் நர்ஸம்மா வந்து பார்த்துட்டு, "இனி ஊத்தாதீங்கம்மா, நுரையீரல்ல போய் மூச்சு முட்டும்"னாங்க. நிறுத்திட்டோம். பஞ்சுல தண்ணி நனைச்சு உதட்டுல வெச்சோம்.

இப்ப அந்த 2007 பதிலைப் பத்தி நானே எழுதினதுக்கு அப்புறம், நாங்க அவரைப் பட்டினி போட்டோமான்னு கேள்வி. சித்திக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டேன், அவங்க படுத்துட்டாங்க, எழுந்து பேசினாங்க. "அவரு உடம்பு வாங்கலடா. நீ குடுத்தது அவருக்குச் சாப்பாடா போகல, நெஞ்சுல சேறாத்தான் போச்சு. நீ எழுதின கடைசி வரிய நீயே படி"ன்னாங்க. படிச்சேன். சரியாத்தான் இருக்கு. ஆனாலும் அந்தப் பஞ்சு ஞாபகம் வருது, அது போகாதுன்னு நினைக்கறேன்.

மார்ச் 10

அந்த மூணாவது நாள் பத்தி எழுதறப்ப விட்டுப்போனது. சொந்தத்துல ஒரு பெரியவர், விருதுநகர் பக்கம், அம்மாவைத் தனியா கூப்ட்டு "தலைக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி இளநீர் குடுத்துடலாமே, எதுக்குப் போட்டு வாட்டறீங்க"ன்னாரு. தலைக்கூத்தல், படுத்த படுக்கையான வயசானவங்களைச் சாகடிக்கற வழக்கம். அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு விளக்கம் தேவையில்ல. குளிர்ந்து போயி, ஜன்னி வந்து, கிட்னி நின்னு ஒண்ணு ரெண்டு நாள்ல முடிஞ்சிடும். அவரு கெட்ட மனுஷர் இல்ல, அவங்க அம்மாவுக்கே அப்படித்தான் நடந்துச்சாம்.

அம்மா, சத்தமே போடாதவங்க, வாசல் வரைக்கும் கேக்கற மாதிரி கத்தினாங்க. "மெஷின் வேண்டாம்னுதான் சொன்னேன், மனுஷன் வேண்டாம்னு சொல்லல!"

எனக்கு மறைக்கல்வி நூல் சொல்ற வித்தியாசம் அன்னைக்கு அம்மா போட்ட சத்தத்துலதான் புரிஞ்சது. ரெண்டுலயும் அப்பா சாகப்போறாருதான். ஒண்ணுல நாம அவரைச் சாகடிக்கணும்னு எதையோ செய்யறோம். நோக்கம் என்ன, கை செய்யற காரியம் என்ன, ரெண்டையும் பார்க்கணும்னு 1995-ல இரண்டாம் யோவான் பவுல் சுற்றுமடல்ல எழுதினதும் இதுதான், செய்யாம விடறதும் அதுக்குள்ள வரும்னு சேர்த்தே எழுதினாரு.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் சூசையப்பர். இயேசுவும் மாதாவும் ரெண்டு பக்கமும் இருக்க செத்தாருன்னு நம்பிக்கை. இன்னைக்குப் பூசையில உக்காந்து இருக்கறப்ப, இந்த இழைல நான் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்குன்னு தோணுச்சு, ஆறு வருஷமா சொல்லாம விட்டது.

டியூப் போடறதுக்கு முந்தின நாள் அப்பா நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. "சாமியாரை வரச் சொல்லுங்க"ன்னாரு. சூப்புக்கு விலக்கு கேட்ட மாதிரி இல்ல, நிஜமாவே கேட்டாரு. அம்மா "ஒண்ணும் ஆகாது, சும்மா இருங்க"ன்னாங்க. நானும் சும்மா இருந்தேன். ஏன்னா எங்க வீட்டுல அதுக்குப் பேரு அவஸ்தைப்பூசுதல். அவஸ்தைப்பூசுதலுக்கு ஃபாதர் வீட்டுக்குள்ள நுழைஞ்சா சாவுக்கு நாள் குறிச்சாச்சுன்னு அர்த்தம், தாத்தாவுக்குப் பூசின அன்னைக்கு ராத்திரியே போயிட்டாருன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. மறுநாள் குழாய் போயிடுச்சு, அதுக்கப்புறம் பாவசங்கீர்த்தனம் எங்க, நற்கருணை எங்க. வீட்டுக்கு வந்த ரெண்டாவது நாள்தான் ஃபாதர் வந்து நெத்தியிலயும் கையிலயும் எண்ணெய் பூசினாரு, அப்பாவுக்குத் தெரிஞ்சுதான்னு தெரியாது.

வாடிகன் சங்கம் அந்தப் பேரையே மாத்திடுச்சு, நோயில்பூசுதல்னு சொல்லுங்க, அது சாகற நொடிக்கு மட்டும் இல்லன்னு. ஆறாம் பவுல் பாப்பரசர் 1972-ல சடங்கையும் திருத்தினாரு. பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடி பூசலாம், வயசாகி தளர்ந்தவங்களுக்குப் பூசலாம், நோய் கூடினா திரும்பவும் பூசலாம். உண்மையிலயே கடைசிப் பயணத்துக்கான அருட்சாதனம் எண்ணெய் கூட இல்ல, நற்கருணை, வழியுணவுன்னு அதுக்குப் பேரு. அது முழிச்சு இருந்து வாங்க வேண்டியது. அப்பாவுக்கு நாங்க அதைக் குடுக்கல. பாவசங்கீர்த்தனம் பண்ண முடியாம போனவங்களுக்குப் பூசுதலே மன்னிப்பைக் குடுக்கும்னு மறைக்கல்வி சொல்லுது, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

ரெண்டு வருஷம் நான் குமைஞ்சது கையெழுத்துக்காக. குமைய வேண்டியது இதுக்கு.

தங்கச்சி, உங்க மாமியாருக்குப் பூசியாச்சா? ஆகலன்னா இன்னைக்கே.

மார்ச் 19, கொஞ்ச நேரம் கழிச்சு

பூசியாச்சாம். ரெண்டு தடவை. சந்தோஷம்.

மார்ச் 26

பிரான்சிஸ் 23-ஆம் தேதி வீட்டுக்குப் போயிட்டாரு. அவரைப் பார்த்த சர்ஜன் செர்ஜியோ அல்ஃபியேரி பேட்டி வந்திருக்கு. பிப்ரவரி 28 ராத்திரி, நிறுத்தி அவரைப் போக விடறதா, இல்ல எல்லா மருந்தும் போட்டு மத்த உறுப்பு கெடற ஆபத்தோட முயற்சி பண்றதான்னு நின்னாங்களாம். அவரோட நர்ஸ் எல்லாத்தையும் முயற்சி பண்ணுங்க, விட்டுடாதீங்கன்னு சொன்னாராம்.

"பாத்தீங்களா, பாப்பரசருக்கு எல்லாம் பண்ணாங்க, நம்ம மாமியாருக்கு மட்டும் நிறுத்தலாமா"ன்னு ஒருத்தர் கேக்கறாரு. அண்ணாச்சி, நியாயமான கேள்விதான். ஆனா அங்க பிழைக்க வாய்ப்பு இருந்துச்சு, பிழைச்சாரு, முயற்சி பண்ணது சரி. பலன் வர வாய்ப்பிருக்கற இடத்துல கஷ்டமான சிகிச்சையை ஏத்துக்கறதும் ஒருத்தரோட உரிமை. பொருந்தும் பொருந்தாதுன்றது மெஷினோட பேரைப் பார்த்து முடிவு பண்றது இல்ல, அந்த உடம்பு, அந்த நாள், அந்த ஆளு. அதனாலதான் இதுக்கு ஒரு பட்டியல் போட்டுக் குடுக்க முடியல, பட்டியல் கேட்டவங்க கோச்சுக்காதீங்க.

ஏப்ரல் 2

மாமியாருக்கு முதுகுல படுக்கைப் புண். திருப்பிப் போடறப்ப எல்லாம் முனகறாங்களாம். உள்ளூர் டாக்டர் மார்ஃபின் எழுத மாட்டேன்னுட்டாரு, கேஸ் ஆயிடும்னு.

எங்க அப்பாவுக்கும் மூச்சுத்திணறலுக்கு மார்ஃபின் கிடைக்கல. 1985-ல போட்ட போதைப்பொருள் சட்டத்தால ஆஸ்பத்திரிங்க பயந்து வெச்சுக்கவே இல்ல, 2014-ல திருத்தி லைசென்ஸை எளிசாக்கினாங்க, பயம் மட்டும் அப்படியே இருக்கு. பக்கத்துல கேரளாவுல 1993-லயே கோழிக்கோட்டுல வலிநிவாரண கிளினிக் ஆரம்பிச்சு வீடு வீடா போறாங்க. நம்ம ஊர்லயும் இருக்கு, தேடணும். "பாலியேட்டிவ்"னு கேளுங்க, ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல அந்த வார்த்தை புரியலன்னா கேன்சர் டாக்டர் கிட்ட போங்க.

வலியை ஆண்டவருக்கு ஒப்புக்குடுக்கணும், மருந்து வாங்கக் கூடாதுன்னு யாராவது பெரியம்மா சொல்வாங்க. ஒப்புக்குடுக்கறது அவங்கவங்க தானா செய்யறது. நினைவில்லாதவங்க மேல நாம ஏத்தி வெக்க முடியாது. வேற வழியில்லன்னா ஆயுசு கொஞ்சம் குறையும்னு தெரிஞ்சாலும் வலிக்கு மருந்து குடுக்கலாம்னு பயஸ் சொன்னது 1957 பிப்ரவரியில, நான் நவம்பர்ல கொண்டு போய் வெச்சனே, அந்தப் பேச்சு. லண்டன்ல நவீன ஹாஸ்பிஸை, அதாவது சாகப்போறவங்களைப் பார்த்துக்கற இல்லத்தை, 1967-ல ஆரம்பிச்ச சிசிலி சாண்டர்ஸ் ஆங்கிலிக்கன், ஆனா நேரம் தவறாம மார்ஃபின் குடுத்து வலி வராம பார்த்துக்கற முறையை அவங்க செஞ்சு பார்த்தது ஹேக்னில கத்தோலிக்க சிஸ்டர்கள் நடத்தின சூசையப்பர் ஹாஸ்பிஸ்ல. சித்திக்கு இது தெரியாது, சொன்னதும் அவங்களுக்கு ஒரு பெருமை.

ஏப்ரல் 21

திருத்தந்தை போயிட்டாரு. நேத்துத்தான் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு சதுக்கத்துல சுத்தி வந்து கை காட்டினாரு. கோவில் மணி அடிச்சுக்கிட்டு இருக்கு. அம்மா பழைய செப புத்தகத்தை எடுத்து உக்காந்துட்டாங்க.

ஏப்ரல் 25

அதே டாக்டர் அல்ஃபியேரி திரும்ப பேசியிருக்காரு. பாப்பரசருக்கு வந்தது பக்கவாதம். ஸ்கேன் எடுத்திருந்தா என்ன ஆச்சுன்னு இன்னும் தெளிவா தெரிஞ்சிருக்கும், வேற ஒண்ணும் ஆகியிருக்காது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா வழியிலயே போயிடற ஆபத்து இருந்துச்சுன்னு சொல்றாரு. அதனால வாடிகன்ல அவரு தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லத்துல, அவரு அறையிலயே விட்டுட்டாங்க. எந்த நிலைமையிலயும் தனக்குக் குழாய் போடக் கூடாதுன்னு முன்னாடியே கேட்டிருந்தாராம்.

மார்ச் 26-ல நான் எழுதினதை இதோட சேர்த்துப் படிங்க. அதே ஆளு, அதே டாக்டர், ரெண்டு மாசத்துக்குள்ள. ஒரு நாள் எல்லாத்தையும் பண்ணினாங்க, இன்னொரு நாள் தூக்கிட்டு ஓடல.

ஏப்ரல் 28

தங்கச்சி நேத்து ராத்திரி எழுதினாங்க. மாமியார் ஞாயித்துக்கிழமை மத்தியானம், இறை இரக்க ஞாயிறு, வீட்டுல போயிட்டாங்க. மார்ஃபின் கிடைச்சிருந்துச்சு, மூணு வாரமா முனகல் இல்ல. கடைசி ரெண்டு நாள் வயிறு வாங்கல, குழாயில ஊத்தறத நிறுத்தச் சொன்னதே கொழுந்தனார்தானாம், நிறுத்திட்டு அவரே பஞ்சை நனைச்சு உதட்டுல வெச்சாராம். போறப்ப கையைப் பிடிச்சிருந்ததும் அவருதானாம்.

நித்திய இளைப்பாற்றியை அவங்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே.

மே 11

அம்மாவுக்கு இப்ப 78. நேத்து அவங்களே கேட்டாங்க, "எனக்கும் ஒரு பேப்பர் எழுதி வெச்சிடு"ன்னு. 2023-க்கு அப்புறம் ரெண்டு சாட்சி, நோட்டரி இல்லன்னா கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இருந்தா போதும். ஒரு பக்கம் எழுதினோம், அம்மா சொல்லச் சொல்ல.

குணமாக வழியில்லன்னா மெஷின் வேண்டாம். டயாலிசிஸ் வேண்டாம். வயிறு வாங்கற வரைக்கும் கஞ்சி, வாங்கலன்னா தண்ணி நனைச்சு வெச்சா போதும். வலிக்கு மருந்து கேட்டு வாங்கிக் குடுக்கணும். ஐ.சி.யு.ல தனியா போடாதே, வீட்டுக்குக் கொண்டு வா. என்னைச் சாகடிக்கற எதையும் யாரும் செய்யக் கூடாது, இளநீர் வேண்டாம். கடைசியா, இதை முதல் வரியா எழுதுன்னாங்க: நான் பேசற நிலைமையில இருக்கறப்பவே சாமியாரைக் கூப்பிடணும். நான் அழிச்சுட்டு முதல் வரியா எழுதினேன்.

நோட்டரி படிச்சுட்டு, "சாமியார் விஷயம் சட்டத்துல வராதும்மா, எடுத்துடலாமா"ன்னாரு. அம்மா பேப்பரைத் திரும்ப வாங்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. அவரு அப்படியே முத்திரை குத்திக் குடுத்தாரு.

தங்கச்சி, முப்பதாம் நாள் பூசை எந்தக் கோவில்ல, எத்தனை மணிக்குன்னு போடுங்க. அம்மாவும் வரணும்ன்றாங்க.